பள்ளி மணி அடித்த பிறகு: தென்னாப்பிரிக்க ஆசிரியர் ஒழுக்க நெறியும் இஸ்லாமியப் பார்வையும்

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் பிற்பகலில் பள்ளி விட்டதும், அதே பிள்ளைகளில் ஒரு பகுதியினர் தொப்பி மாட்டிக்கொண்டோ முக்காடு போட்டுக்கொண்டோ மதரசாவில் போய் உட்கார்கிறார்கள். வார இறுதியில் வேறு சிலர் கோயில் மண்டபத்துத் தமிழ் வகுப்பில் ‘அ’ எழுதிப் பழகுகிறார்கள். பிள்ளை அதே பிள்ளைதான். சில இடங்களில் ஆசிரியரும் அவரே: காலையில் அரசுப் பள்ளியில் கணக்கு, மாலையில் மதரசாவில் குர்ஆன் அல்லது மண்டபத்தில் தமிழ். ஆனால் அந்தச் சிறு இடைவெளியில், ஆசிரியரைக் கட்டுப்படுத்தும் சட்டங்களில் பாதி கழன்று விழுந்துவிடுகின்றன.

தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 6ஆம் பிரிவு தமிழையும் அரபியையும் ஒரே உட்பிரிவில் வைத்துப் பேசுகிறது. தமிழ் சமூகங்கள் பேசும் மொழி, அரபி சமயத்துக்குப் பயன்படும் மொழி; இரண்டுக்கும் மதிப்புக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. மதிப்பு சரி. அந்த மொழிகளைக் கற்பிக்கும் மாலை வகுப்பு ஆசிரியர் எந்த ஒழுக்க நெறிக்கு உட்பட்டவர் என்று கேட்டால் பதில் அவ்வளவு எளிதல்ல. இஸ்லாமிய மரபு மாலையில் நெறியைத் தளர்த்த இடம் கொடுக்கிறது என்று நம்புகிறவர்கள் நம்மிடையே உண்டு. அந்த மரபைப் புரட்டிப் பார்த்தால் பல இடங்களில் அது சட்டத்தைவிடக் கடுமையாக நிற்கிறது.

மூன்று கதவுகள்

முதலில் பள்ளிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். ஆசிரியர் தவறு செய்தால் தட்டுவதற்கு மூன்று கதவுகள் இருக்கின்றன. பெற்றோர் பெரும்பாலும் ஒன்றைத் தட்டிவிட்டு மற்ற இரண்டும் தானாகத் திறக்கும் என்று காத்திருக்கிறார்கள். திறக்காது.

முதல் கதவு, பணியில் வைத்திருப்பவர். அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்களுக்கு 1998ஆம் ஆண்டின் 76ஆம் எண் ஆசிரியர் பணிச் சட்டம் பொருந்தும். அதன் 17ஆம் பிரிவில் வரும் குற்றம் நிரூபணமானால் பணிநீக்கம் கட்டாயம்: தேர்விலோ தேர்ச்சி அறிக்கையிலோ மோசடி, லஞ்சம், மாணவர்மீது பாலியல் தாக்குதல், தான் வேலை செய்யும் பள்ளியின் மாணவரோடு பாலுறவு, கொடுங்காயம் விளைவிக்கும் நோக்கத்தோடு தாக்குதல், சட்டவிரோதப் போதைப்பொருள் வைத்திருத்தல். 18ஆம் பிரிவில் வருபவை அடுத்த படி. அவற்றுக்கு அறிவுரை, எச்சரிக்கை, ஒரு மாதச் சம்பளத்துக்கு மேற்படாத அபராதம், மூன்று மாதத்துக்கு மேற்படாத சம்பளமில்லா இடைநீக்கம், பதவி இறக்கம் என்று தொடங்கிப் பணிநீக்கம் வரை போகலாம். கன்னத்தில் ஓர் அறை பெரும்பாலும் 18இல்தான் போய் விழும். அதனால்தான் அடித்த ஆசிரியர் அடுத்த வாரமே அதே வகுப்பறையில் நிற்பதைப் பார்க்கிறோம்.

தனியார் இஸ்லாமியப் பள்ளிகளிலும், பள்ளி ஆட்சிக் குழு தன் சொந்தப் பணத்தில் நியமித்த ஆசிரியர்களிடமும் இந்தச் சட்டம் செல்லாது. அவர்களுக்குப் பொதுவான தொழிலாளர் சட்டம்தான். பெற்றோர் மாகாணக் கல்வித் துறைக்குப் புகார் எழுதிவிட்டு மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருந்து ஏமாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டாவது கதவு, தென்னாப்பிரிக்க ஆசிரியர் மன்றம். எல்லோரும் ‘சேஸ்’ என்று சொல்லும் அமைப்பு. 2000ஆம் ஆண்டின் 31ஆம் எண் சட்டப்படி இங்கே பதிவு செய்யாதவர் அரசுப் பள்ளியிலோ தனியார் பள்ளியிலோ கற்பிக்க முடியாது. 2019 முதல் புதிதாகப் பதிவு கேட்பவர் காவல்துறைச் சான்றும் கொடுக்க வேண்டும். சம்பளம் யார் கொடுத்தாலும் சேஸின் ஒழுக்க நெறி பொருந்தும். கண்டனம், அபராதம், குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் ஆகியவை அதன் கையிலுள்ள தண்டனைகள். வேலையை விட்டுவிட்டால் விவகாரம் முடிந்தது என்று நினைக்கும் ஆசிரியர்கள் இந்தக் கதவை மறந்துவிடுகிறார்கள். பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை சேஸ் விசாரிக்கலாம். பெற்றோரும் மறக்கிறார்கள். அவர் போய்விட்டார், விட்டது தொல்லை என்று புகாரைக் கைவிட, அந்த ஆசிரியர் வேறு மாகாணத்தில் வேறு பள்ளியில் அதே பதிவு எண்ணோடு சேர்ந்துவிடுகிறார்.

மூன்றாவது கதவு காவல் நிலையம். முதல் இரண்டும் முடிகிறவரை இதற்காகக் காத்திருக்கத் தேவையே இல்லை.

இதில் பிள்ளைக்கு நேரும் பெரிய கொடுமை, ஒரே விஷயத்தை ஒவ்வொரு விசாரணையிலும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது. அரசு ஆசிரியர்மீதான பாலியல் புகார்களை நேரடியாக ஒரு நடுவர் முன் ஒரே விசாரணையாக நடத்துவதற்கு 2018இல் கல்வித் துறைத் தொழிலுறவு மன்றத்தில் கூட்டு ஒப்பந்தம் போடப்பட்டது இதற்காகத்தான்.

‘எந்தப் பள்ளி’ என்ற சொல்

சேஸ் நெறியில் மாணவர் பற்றிய பகுதிதான் நெஞ்சுப் பகுதி. மாணவரின் மானத்தையும் நம்பிக்கையையும் அந்தரங்கத்தையும் மதிக்க வேண்டும். அதிகாரத்தைப் பரிவோடு செலுத்த வேண்டும். எந்த வடிவிலும் அவமானப்படுத்தக் கூடாது. உடலாலோ மனத்தாலோ துன்புறுத்தக் கூடாது. பதவியைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது. கடமையில் அசட்டையும் சோம்பலும் கூடாது.

அதில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். பணிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தான் வேலை செய்யும் பள்ளியின் மாணவர் என்று எல்லை போடுகிறது. சேஸ் நெறியோ எந்தப் பள்ளி மாணவரோடும் காதல் உறவோ பாலுறவோ கூடாது என்கிறது. வயதைப் பற்றிப் பேச்சே இல்லை. பள்ளி இறுதியான மெட்ரிக் வகுப்பில் 18 வயது நிரம்பிய பெண்ணும் மாணவிதான். பெண் வீட்டாருக்குச் சம்மதம், நிக்காஹ் பேசியாகிவிட்டது என்பதெல்லாம் அந்த நெறிக்கு முன் நிற்காது. காலையில் ஒரு பள்ளியில் வேலை பார்ப்பவர் மாலையில் மதரசாவில் சந்திக்கும் பிள்ளை வேறு பள்ளி மாணவராக இருக்கலாம். அப்போதும் சேஸில் பதிவு செய்தவரை நெறி விடாது. பதிவே இல்லாத மௌலானாவையும் மதரசாப் பெண் ஆசிரியரான ஆபாவையும் தமிழ் வகுப்புத் தொண்டரையும் மட்டும் அது தொடாமல் போகிறது.

பிரம்பு

சிக்கல் கூடுதலாக இருப்பது இங்கேதான்.

1996ஆம் ஆண்டின் 84ஆம் எண் பள்ளிச் சட்டத்தின் 10ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதைத் தடை செய்தது. மீறினால் தாக்குதல் குற்றத்துக்குரிய தண்டனை. எங்கள் வேதம் அடிக்கச் சொல்கிறது, பெற்றோரும் சம்மதித்துவிட்டார்கள், விலக்கு வேண்டும் என்று கிறிஸ்தவத் தனியார் பள்ளிகளின் கூட்டமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2000 ஆகஸ்டில் அரசமைப்பு நீதிமன்றம் மறுத்தது. 2024இல் கையெழுத்தான அடிப்படைக் கல்விச் சட்டத் திருத்தம் தடையைப் பள்ளி நிகழ்ச்சிகளுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் விரித்தது. எது உடல் தண்டனை என்பதற்கும் அது விளக்கம் தந்தது. கிள்ளுவது, காதில் அறைவது, முடியைப் பிடித்து இழுப்பது, வலிக்கும் நிலையில் நிற்கவைப்பது, சாப்பாட்டை மறுப்பது, கழிப்பறைக்குப் போக விடாதது எல்லாம் அதில் அடங்கும். எவ்வளவு லேசான அடி என்ற கேள்விக்கே இடமில்லை.

மதரசா இதில் எங்கே வருகிறது? சட்டத்தின் கண்ணில் ‘பள்ளி’ என்பது முதல் வகுப்புக்கு முந்தைய ‘ஆர்’ வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை ஏதாவது ஒரு வகுப்புக்கு மாணவரைச் சேர்த்துக்கொள்வது. மாலை மதரசாவும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் அந்த விளக்கத்துக்குள் வருவதில்லை. எனவே 10ஆம் பிரிவு எங்களைக் கட்டாது என்று மதரசாக் குழுக்களில் சிலர் சொல்வதில் அரை உண்மை இருக்கிறது.

மீதி அரையை 2019 செப்டம்பர் 18 எடுத்துக்கொண்டுபோய்விட்டது. அதுவரை, நியாயமான அளவில் கண்டித்தேன் என்ற வாதம் பெற்றோரைத் தாக்குதல் குற்றச்சாட்டிலிருந்து காப்பாற்றி வந்தது. அரசமைப்பு நீதிமன்றம் அன்று அந்த வாதத்தைச் செல்லாததாக்கியது. அடிக்கும் உரிமை பெற்றோருக்கே இல்லை என்றான பிறகு, பெற்றோரிடமிருந்து ‘கண்ணு மட்டும் எங்களுக்கு, தோலை நீங்க உரிச்சுக்கோங்க’ என்று கடன் வாங்கிய உரிமை ஆசிரியரிடம் எப்படி மிஞ்சும்? மதரசாவில் விழும் ஒரு பிரம்படி இன்று வெறும் தாக்குதல் குற்றம். பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் அதைக் காப்பாற்றாது.

சமய வாதத்துக்கு வருவோம். அடியை ஆதரிப்பவர்கள் கையில் எடுப்பது அபூ தாவூத் தொகுப்பில் உள்ள ஹதீஸ் (நபிமொழி): ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் தொழாவிட்டால் அடியுங்கள். அப்படி ஓர் அறிவிப்பே இல்லாததுபோல் நடிப்பதில் பயனில்லை. ஆனால் மூத்த சட்ட அறிஞர்கள் அதை எப்படி வாசித்தார்கள் என்பதுதான் விஷயம். பேச்சு பெற்றோரிடம், தொழுகை பற்றி மட்டும், காயப்படுத்தாத, முகத்தைத் தொடாத அளவில். பாடம் ஒப்பிக்கத் தடுமாறிய ஏழு வயதுப் பிள்ளையின் உள்ளங்கையில் அடிப்பதற்கு இதில் ஆதாரம் தேட முடியாது.

இன்றைய துனீசியாவின் கைரவானில் வாழ்ந்து கிபி 870இல் மறைந்த மாலிகி மத்ஹப் (இஸ்லாமியச் சட்டப் பள்ளி) அறிஞர் இப்னு ஸஹ்னூன், குர்ஆன் ஆசிரியர்களுக்கென்றே தனி நூல் எழுதினார். மூன்றடிக்கு மேல் போகக் கூடாது; தலையிலும் முகத்திலும் அடிக்கக் கூடாது; சாப்பிட, தண்ணீர் குடிக்கப் போவதைத் தடுக்கக் கூடாது; எல்லை மீறி அடித்துக் காயப்படுத்தினால் ஆசிரியரே ஈடு செய்ய வேண்டும். இவற்றை அடிக்கக் கொடுத்த உரிமமாகப் படிக்கிறவர்கள் உண்டு. கேட்பாரில்லாமல் அடி விழுந்த காலத்தில் போடப்பட்ட கடிவாளம் அது. கடிவாளத்தைக் காட்டி ‘பார், குதிரையை ஓட்டச் சொல்லியிருக்கிறார்’ என்பதுபோல் இருக்கிறது இந்த வாதம். சாப்பாட்டை மறுக்காதே என்று ஒன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த விதி, 2024ஆம் ஆண்டுச் சட்ட விளக்கத்தில் திரும்ப வந்து நிற்பதையும் பாருங்கள்.

இதைவிட வலுவான சான்று ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. முஆவியா இப்னு ஹகம் என்ற தோழர், தொழுகையில் பேசக் கூடாது என்பது தெரியாமல், தும்மிய ஒருவருக்குத் தொழுகையின் நடுவிலேயே மறுமொழி சொல்லிவிட்டார். சுற்றியிருந்தவர்கள் தொடையில் தட்டி அடக்கினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) தொழுகை முடிந்ததும், இது மனிதப் பேச்சுக்குரிய இடமல்ல என்று விளக்கியதோடு சரி. முஆவியா பின்னாளில் சொன்னார்: அவருக்கு முன்னும் பின்னும் அவரைவிடச் சிறந்த ஆசிரியரை நான் கண்டதில்லை, என்னை அதட்டவில்லை, அடிக்கவில்லை, திட்டவில்லை. மூன்று வினைகள். உடலாலோ மனத்தாலோ துன்புறுத்தாதே என்று சேஸ் நெறி சொல்வதில் இதில் அடங்காதது எது?

14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் காரணத்தையும் விளக்கினார். கடுமையில் வளரும் மாணவன் ஊக்கம் இழக்கிறான், சோம்பேறியாகிறான், அடிக்குப் பயந்து பொய் சொல்லக் கற்கிறான், நாளடைவில் அந்தப் பொய்யே அவன் குணமாகிறது என்றார். மதரசா வகுப்பில் இது கண்கூடு. அடிக்குப் பயந்த பிள்ளை பாடத்தை ஒலியாக மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு வெளியே வந்ததும் மறந்துவிடுகிறது. ‘புரியவில்லை’ என்று கேட்கும் துணிவு அதற்கு வருவதே இல்லை.

பள்ளிகளிலும் நிலைமை சீராகிவிடவில்லை. பிளாஸ்டிக் குழாயால் தலையில் அடிபட்ட சிறுவனின் விவகாரத்திலும், அடிபட்ட இன்னொரு சிறுமியின் விவகாரத்திலும் சேஸ் விதித்தது 15,000 ராண்ட் அபராதம். அதிலும் 5,000 நிறுத்திவைக்கப்பட்டது. பெயர் நீக்கமும் நிறுத்திவைக்கப்பட்டது. இரு ஆசிரியர்களும் வகுப்புக்குத் திரும்பினார்கள். பிள்ளைகளின் தரப்பைக் கேட்காமல் எடுத்த முடிவு அது என்று வழக்குப் போய், 2024இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்து மறுபரிசீலனைக்கு அனுப்பியது. அடித்த ஆசிரியரைத் திருத்தும் வழி தண்டனைப் பட்டியலில் இல்லாததும் அந்த வழக்கில் பேசப்பட்டது. கோபத்தை அடக்கவும் அடிக்காமல் வகுப்பை நடத்தவும் பயிற்சி கொடுக்காமல் அபராதம் மட்டும் வாங்கினால், பிரம்பு போன இடத்தில் நாக்கு வந்து உட்காரும்.

பரிசும் டியூஷனும்

ஸக்காத் (கட்டாயத் தருமம்) வசூலிக்கப் போன ஓர் அதிகாரி திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தார். அப்பா அம்மா வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு உனக்கு வந்திருக்குமா என்று கேட்டார் நபிகள் நாயகம். புகாரி, முஸ்லிம் தொகுப்புகள் இரண்டிலும் உள்ள செய்தி இது. ஆசிரியருக்கு வரும் பரிசு எதையும் இந்த ஒரே கேள்வியால் எடைபோட்டுவிடலாம். ஆண்டு முடிவில் வகுப்பே சேர்ந்து கொடுக்கும் ஓர் இனிப்புப் பெட்டி வேறு. மதிப்பெண் பட்டியல் வெளிவரும் முன் ஒரு வீட்டிலிருந்து மட்டும் வரும் கைக்கடிகாரம் வேறு. வகுப்பில் விலையுயர்ந்த பரிசு ஊர்வலமாக வரும்போது, கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையின் முகத்தை எந்த நெறியும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

டியூஷன் இன்னும் வழுக்கும் இடம். அரசு ஆசிரியர் தம் பணிக்கு வெளியே காசுக்கு வேலை செய்ய, பணியில் வைத்திருப்பவரிடம் முன்னனுமதி வாங்க வேண்டும். பலர் வாங்குவதில்லை. அனுமதியைவிடப் பெரிய கேள்வி, யாருக்கு டியூஷன் என்பது. தன் வகுப்புப் பிள்ளைகளுக்கே காசு வாங்கிக் கற்பிப்பவர், காலையில் பாடத்தை அரைகுறையாக விட்டால் மாலையில் வருமானம் கூடும் என்ற நிலையில் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்கிறார். நன்னூல், ஆசிரியர் ஆகத் தகாதவர்க்கு நான்கு உவமை சொல்கிறது: கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் தோட்டத்தில் நின்றுகொண்டு பக்கத்துத் தோட்டத்தில் காய் உதிர்க்கும் வளைந்த தென்னைதான் முடத்தெங்கு. வரிப்பணத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு சரக்கை மாலைக்கு ஒதுக்கிவைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இமாம் கஸ்ஸாலி தம் ‘இஹ்யா’ நூலில் ஆசிரியருக்கு எட்டுக் கடமைகள் வகுத்தார். மாணவரைத் தம் மகனாகக் கருதுவது முதலாவது. கற்பித்தலுக்குக் கூலி எதிர்பார்க்காதது இரண்டாவது. இந்த இரண்டாவதைக் காட்டி மதரசா ஆசிரியருக்குக் குறைந்த சம்பளம் கொடுக்கும் குழுக்களும் இருக்கின்றன. அது நியாயமல்ல. குர்ஆன் கற்பிக்கக் கூலி கூடாது என்ற ஹனஃபி மத்ஹபின் பழைய நிலைப்பாட்டைப் பிற்கால ஹனஃபி அறிஞர்களே மாற்றினார்கள். கூலி இல்லையென்றால் கற்பிக்க ஆளே இருக்காது என்று கண்டுகொண்டதுதான் காரணம். வாழப் போதாத சம்பளம்தான் ஆசிரியரைப் பெற்றோரின் கவருக்குக் காத்திருக்க வைக்கிறது. சம்பளத்தை எழுத்தில் நிர்ணயிப்பது குழுவின் ஒழுக்கக் கடமை. இப்னு ஸஹ்னூன் பிள்ளைகளைத் தம் வீட்டு வேலைக்கு ஏவுவதையும், பேசிய கூலிக்கு மேல் பிள்ளைகளிடம் கேட்டு வாங்குவதையும் தடுத்தார். கார் கழுவச் சொல்வதும் கடைக்கு அனுப்புவதும் இன்றும் நடப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூடிய அறையும் கைப்பேசியும்

மணமுடிக்கத் தகுந்த உறவுள்ள ஆணும் பெண்ணும் தனித்திருப்பதை, அதாவது கல்வத்தை, இஸ்லாம் தடுக்கிறது. மதரசாக்கள் இதைப் பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஓரளவு கவனமாகப் பின்பற்றுகின்றன. பிசகு நடப்பது, இந்த விதி ஆண் ஆசிரியரும் ஆண் பிள்ளையும் தனித்திருப்பதை நேராகச் சொல்லாததால், அங்கே காவலே தேவையில்லை என்று முடிவுகட்டும்போது. ஹிஃப்ழ் (குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தல்) படிக்கும் பையனை அதிகாலையில் தனியறையில் வைத்து ஓதக் கேட்பது வழக்கமாக இருக்கலாம். கதவில் கண்ணாடி இல்லாவிட்டால் அந்த வழக்கம் மாற வேண்டும். கல்வத் தடையின் நோக்கம் பாதுகாப்பு என்றால், அந்தப் பாதுகாப்பை ஆண் பிள்ளைக்கும் விரிப்பதை ஷரீஅத் எங்கே தடுக்கிறது?

கைப்பேசியிலும் கதவு மூடும். ஆசிரியர் மாணவருக்கு இரவு பத்து மணிக்குத் தனியாக அனுப்பும் வாட்ஸ்ஆப் செய்தி, பூட்டிய அறைக்குச் சமம். வகுப்புக் குழுவில் பெற்றோர் ஒருவரையும் இன்னொரு ஆசிரியரையும் சேர்த்துவிட்டு எல்லாவற்றையும் அங்கேயே எழுதினால் போதும். காரில் ஒரே ஒரு பிள்ளையைத் தனியாக ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. குர்ஆன் முடித்த பிள்ளையின் படத்தைப் பெயரோடு முகநூலில் போடும் முன் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 2013ஆம் ஆண்டின் 4ஆம் எண் தனித்தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுவதுமாக நடைமுறையில் உள்ளது.

மறைப்பதா, சொல்வதா

நட்டாலில் இந்தியர் பள்ளிகள் பலவற்றை எழுப்பியது அரசல்ல, சமூகம். வீட்டுக்கு வீடு காசு வசூலித்துக் கட்டிடம் எழுப்ப, அரசு பின்னால் வந்து உதவித்தொகை கொடுத்தது. 1925இல் நட்டால் இந்திய ஆசிரியர் சங்கம் உருவானது. இந்தியாவின் முதல் பிரதிநிதியாக 1927இல் வந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி தாமே பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். டர்பனில் அவர் பெயரில் எழுந்த கல்லூரி எத்தனையோ ஆசிரியர்களை உருவாக்கியது. கரும்புத் தோட்டத்துப் பிள்ளைகள் அவர்கள் கையைப் பிடித்து மேலே வந்தார்கள். வாத்தியாருக்குக் கிடைத்த மரியாதை அங்கிருந்து வந்தது; அது உழைத்துச் சம்பாதித்த மரியாதை. ஆனால் அதே வாத்தியார் கோயில் குழுவிலும் பள்ளிவாசல் குழுவிலும் உட்காரும்போது, அவர்மீது புகார் சொல்வது ஊர்மீதே புகார் சொல்வதாகிவிடுகிறது. புகார் வீட்டு முற்றத்தைத் தாண்டுவதில்லை. பெரியவர்கள் கூடுவார்கள், மருத்துவச் செலவு கைமாறும், ஆசிரியர் வேறு ஊருக்குப் போவார்.

முஸ்லிம் வீடுகளில் இதற்கு ஒரு சமயக் காரணமும் சொல்லப்படும்: பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான். தன் அளவில் தவறி வருந்துகிறவருக்கான சொல் அது. இன்னொரு உயிரைக் காயப்படுத்துகிறவருக்குக் கேடயமாக வந்ததல்ல. அநியாயம் செய்பவனாக இருந்தாலும் உன் சகோதரனுக்கு உதவு என்ற நபிமொழியைக் கேட்ட தோழர்கள், அநியாயக்காரனுக்கு எப்படி உதவுவது என்று திகைத்தார்கள். அவனைத் தடுப்பதுதான் உதவி என்று பதில் வந்தது. உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்கிறது குர்ஆன் 4:135.

சட்டம் இதில் சுற்றி வளைக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் 38ஆம் எண் குழந்தைகள் சட்டத்தின் 110ஆம் பிரிவு, பிள்ளை உடற்காயம் உண்டாகும்படி துன்புறுத்தப்பட்டதாகவோ பாலியல் கொடுமைக்கு ஆளானதாகவோ வேண்டுமென்றே புறக்கணிக்கப்பட்டதாகவோ முடிவுக்கு வர நியாயமான காரணம் இருந்தால் அறிவித்தே ஆக வேண்டியவர்களைப் பட்டியலிடுகிறது. ஆசிரியர் அதில் இருக்கிறார். மதத் தலைவரும் இருக்கிறார். எனவே இமாமும் குருக்களும் விலக்கல்ல. 22ஆம் படிவத்தை நிரப்பிக் காவல்துறையிடமோ சமூக மேம்பாட்டுத் துறையிடமோ அங்கீகாரம் பெற்ற குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடமோ கொடுக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு அறிவித்தவர்மீது இழப்பீட்டு வழக்கு நிற்காது. பாலியல் குற்றம் என்றால் 2007ஆம் ஆண்டின் 32ஆம் எண் சட்டத்தின் 54ஆம் பிரிவு, தெரிந்த எவரும் உடனடியாகக் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லாமல் இருந்தால் அபராதம் அல்லது ஐந்தாண்டு வரை சிறை. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன், குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டேன் என்பதால் அந்தக் கடமை தீராது.

அந்த முதல் சில மணி நேரத்தில் செய்யும் பிழைகளைத்தான் பின்னால் திருத்த முடிவதில்லை. பிள்ளை சொல்வதைக் குறுக்குக் கேள்வி கேட்காமல் கேட்டு, அதன் சொந்தச் சொற்களிலேயே தேதி நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. பிள்ளையையும் குற்றம்சாட்டப்பட்டவரையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமரசம் பேசவே கூடாது. வல்லுறவு நடந்திருந்தால் துணியைத் துவைக்காமல், குளிப்பாட்டாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன். அந்த நேரம் பெரியவர்கள் கூட்டத்திலேயே கரைந்துபோன குடும்பங்கள் உண்டு.

வகுப்பில் மதம்

இது ஒப்பீட்டளவில் தெளிவான பகுதி. அரசுப் பள்ளியில் வழிபாடு நடக்கலாம். எல்லா மதத்துக்கும் நியாயமாகவும், கலந்துகொள்வது அவரவர் விருப்பமாகவும் இருக்க வேண்டும் என்பது அரசமைப்பின் 15ஆம் பிரிவு. பல மதங்களைப் பற்றிக் கற்பிப்பது பாடம்; ஒரு மதத்தில் நம்பிக்கையை ஊட்டுவது வீட்டின், சமயப் பள்ளியின் வேலை என்று 2003ஆம் ஆண்டுக் கொள்கை பிரித்துவைத்தது. பரிணாமத்தை நம்பாத முஸ்லிம் உயிரியல் ஆசிரியரும் கிறிஸ்தவ ஆசிரியரும் பாடத்திட்டத்தில் உள்ளதை முழுமையாகக் கற்பிக்கத்தான் வேண்டும். தன் துறை அல்லாத கலைகளை மாணவர் முன் இழித்துப் பேசாதே என்பது கஸ்ஸாலியின் எட்டில் ஒன்று. ஜும்ஆவுக்குப் போக வேண்டிய ஆசிரியர் ஆண்டுத் தொடக்கத்திலேயே கால அட்டவணையில் வெள்ளி நண்பகலைக் கேட்டு வாங்குவது உரிமை. வகுப்பைக் கேட்பாரற்று விட்டுவிட்டு நழுவுவது நெறிமீறல்.

மறுபக்கமும் உண்டு. டர்பனில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண் மூக்குத்தி அணிந்து வந்ததைப் பள்ளி தடுக்க, அது அவள் குடும்பப் பெயரால் ‘பிள்ளை வழக்கு’ ஆகி அரசமைப்பு நீதிமன்றம் வரை போயிற்று. 2007 அக்டோபரில் அந்தப் பெண்ணின் பக்கம் தீர்ப்பு வந்தது. மதக் கட்டாயமா, பண்பாட்டு வழக்கமா என்று தராசில் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. அது அவள் அடையாளத்தோடு பின்னியிருந்தால் பள்ளி நியாயமான இடம் கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். காவடி முடித்துக் காயத்தோடு வரும் பையனுக்கும், நோன்போடு விளையாட்டு வகுப்புக்கு வரும் பெண்ணுக்கும் பொருந்தும் தீர்ப்பு அது. நன்னூல் ஆசிரியருக்குச் சொன்ன நான்கு நல்ல உவமைகளில் நிறைகோலும், அதாவது ஒரு பக்கம் சாயாத தராசும், ஒன்று. அதை எழுதிய பவணந்தி சமணர்.

மாலை வகுப்புக்கு ஒரு பக்கம்

சேஸ் எட்டாத இடத்தில் யார் நெறியை எழுதுவது? மதரசாக் குழுவும் தமிழ்ச் சங்கமும்தான். ஒரு பக்கம் போதும். ஐம்பது பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். அதில் இருக்க வேண்டியவை இவை. சம்பளமும் நேரமும். அடி, கிள்ளல், வசைச்சொல், முழங்காலில் நிறுத்தல் எதுவும் கிடையாது. தனியறை, தனிச்செய்தி, தனிக்கார் கிடையாது. பரிசு வந்தால் குழுவின் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆசிரியர் சேரும் நாளில் கையெழுத்து, ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிப்பு, பெற்றோருக்கு ஒரு பிரதி.

ஆளை எடுக்கும் முன் இரண்டு பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். ஒன்று, குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் ‘பி’ பகுதி; பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்களின் பட்டியல் அது. இதற்கு 30ஆம் படிவத்தில் சமூக மேம்பாட்டுத் துறையிடம் கேட்க வேண்டும். மற்றொன்று, நீதித் துறை வைத்திருக்கும் தேசியப் பாலியல் குற்றவாளிகள் பதிவேடு. குழந்தைகள் சட்டம் பள்ளியோடு சேர்த்து, பிள்ளைகளுக்குச் சேவை செய்யும் சங்கங்களையும் குறிப்பிடுகிறது. எனவே நாங்கள் தொண்டு அமைப்புதானே என்பது விலக்காகாது. பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம். பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ரமலானுக்கு முன் ஆள் தேவை, தெரிந்தவர் சிபாரிசு, சான்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சேர்த்துவிடுவார்கள். அந்தப் ‘பிறகு’ வருவதே இல்லை. சான்று வரும்வரை புதியவரை இன்னொரு ஆசிரியரின் வகுப்பில் துணையாக மட்டும் வைத்திருக்கலாம்.

புகாரை வாங்க இருவரை நியமிக்க வேண்டும். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இருவருமே எந்த ஆசிரியருக்கும் உறவினராக இருக்கக் கூடாது. நம் ஊர்களில் இந்த இரண்டாவது நிபந்தனைக்கு ஆள் கிடைப்பது சிரமம். பக்கத்து மதரசாவோடும் பக்கத்துத் தமிழ்ச் சங்கத்தோடும் ஆளை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. நிரப்பாத 22ஆம் படிவங்கள் சிலவற்றையும், அருகிலுள்ள காவல் நிலையத்தின் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவு எண்ணையும் அவர்கள் கையில் கொடுத்துவைக்க வேண்டும். பிள்ளைகளுக்கான இலவச உதவி எண் 116. அதைப் பிள்ளைகளின் கண்மட்டத்தில், கைகால் கழுவும் இடத்துச் சுவரில் ஒட்டலாம். பெரியவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்காத இடம் அது ஒன்றுதான்.